கழுவிய காசு

ஜூன் 9, திங்கள்

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள், மைனி. பாப்பா இப்போதுதான் கண்ணை மூடினாள். மணி பதினொன்றே முக்கால். பகலில் பேனாவைத் தொட்டால் அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

நீங்கள் சொன்னபடி எல்லாம் குறித்திருக்கிறேன். பால் ஒன்பது தடவை. மூத்திரம் ஏழு. மலம் இரண்டு, மஞ்சள், தயிர் திரிந்த மாதிரி. சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை அழுகை, கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு. நாலு மாதம் முடிந்தால் போய்விடும் என்றீர்கள். மஸ்கட்டில் உங்கள் வார்டில் எத்தனை குழந்தைகளைப் பார்க்கிறீர்கள், உங்களுக்குத் தெரியாததா. எனக்கும் தெரியும். ஆறு மணி அடிக்கும்போது தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறது.

இவர், உங்கள் தம்பி, முப்பந்தலிலேயே கிடக்கிறார். காற்று சீசன். ஒரு காற்றாலைகூட நிற்கக் கூடாதாம். மூன்று நாளுக்கு ஒருமுறை வந்து குளித்துவிட்டுப் போகிறார். என் அம்மாவுக்கு முட்டு ஆபரேஷன் ஆனதால் அங்கேயும் இருக்க முடியவில்லை. வீட்டில் நானும் மாமாவும் பாப்பாவும்தான்.

நேற்று போனில் அந்தக் காசைக் கேட்டீர்கள். ஆதிராவின் இருபத்தெட்டாம் நாள், அரைஞாண் கட்டியபோது உங்கள் வீட்டுக்காரர் வீட்டில் அவள் கையில் வைத்த சவரன். ஒரு பக்கம் விக்டோரியா ராணி, மறுபக்கம் கேடயம். "அத நான் ஒருத்தரையும் தொட விடல்ல அஜி. கவர்ல போட்டு அம்மைட்ட குடுத்தேன். என் பிள்ளைக்குள்ளதுல அது ஒண்ணுதான் அப்பிடியே இருக்கு" என்றீர்கள். தரம் பார்க்கிற கம்பெனிக்கு அனுப்பி, எண் போட்டு, பிளாஸ்டிக் கூட்டுக்குள் சீல் வைத்து வாங்க வேண்டும், இனி அதன்மேல் யார் விரலும் படக் கூடாது என்றீர்கள். விற்பதற்கு இல்லை என்று இரண்டு தடவை சொன்னீர்கள்.

ஆதிராவின் பெயரை உங்கள் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இந்த வீட்டில் அவளைப் பற்றி நான் கேட்டது ஒரே ஒரு பேச்சு. கல்யாணமாகி வந்த புதிது. நானும் அத்தையும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். "அவ நர்சுல்லா. படிச்சவல்லா. பிள்ளைக்கு உரைமருந்து குடுக்கப்பிடாதுண்ணுட்டா. நாலு உரை குடுக்க விட்டிருந்தா அது இண்ணைக்கு மூணாப்பு படிக்கும்" என்றார் அத்தை. சொல்லிவிட்டு ஒரு காம்பு விடாமல் ஆய்ந்து முடித்தார். உங்களிடமும் அதையே எத்தனையோ தடவை சொன்னார் என்பதை இவர் பிறகு சொன்னார். நீங்கள் ஏன் அத்தையின் காரியத்துக்குக்கூட வரவில்லை என்று அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

பீரோ சாவி என்னிடம் இருக்கிறது. நாளைக்குப் பார்க்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

காசு கிடைத்தது. தேடவே வேண்டியிருக்கவில்லை.

கொஞ்சம் அழுக்காக இருந்தது. ராணியின் கூந்தல் மடிப்புகளுக்குள்ளும் எழுத்துகளின் இடுக்கிலும் பழுப்பாகக் காய்ந்து கிடந்தது. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, பற்பசை தொட்டு, பாப்பாவுக்குப் பல் வந்தால் தேய்க்க என்று வாங்கி வைத்த மெல்லிய பிரஷால் கழுவிவிட்டேன். இரண்டு முகமும், சுற்று ஓரமும். அரை மணி நேரம் ஆயிற்று. இப்போது நேற்று அடித்த காசு மாதிரி இருக்கிறது. பார்த்தால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

மாமா கொல்லை வாசலில் வந்து நின்று, "என்ன மக்ளே, இவ்வளவு நேரமா தேய்க்க?" என்றார். பாப்பாவின் கொலுசு என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

பால் எட்டு. அழுகை ஒன்றரை மணி நேரம்.

ஜூன் 11, புதன்

சாரல். ஒரு துணியும் காயவில்லை. பால் ஒன்பது.

ஜூன் 12, வியாழன்

நான் போட்டோ எடுத்து அனுப்பிய போன மாதப் பக்கங்களை இவ்வளவு கவனமாகப் படிப்பீர்கள் என்று நினைக்கவில்லை. இன்று வீடியோவில் கேட்டீர்களே: "மே இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொம்பது, மூணு நாளும் அழுகைண்ணு எழுதவே இல்லியே. ராத்திரி ஒரே உறக்கம்ணு போட்டிருக்க. என்ன குடுத்த?"

ஒன்றும் கொடுக்கவில்லை, வெயிலில் களைத்திருப்பாள் என்றேன். நீங்கள் திரையில் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். நெட்வொர்க் நின்றுவிட்டது என்று நினைத்தேன். நிற்கவில்லை.

பால் ஒன்பது. மலம் ஒன்று.

ஜூன் 14, சனி

இவர் லீவு போட்டார். பாப்பாவையும் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் வடசேரிக்குப் போனோம். பழைய தபால்தலையும் காசும் விற்கிற எட்வின் அண்ணன் கடை, மாடியில். வருடத்துக்கு இரண்டு முறை எல்லாருடைய காசையும் சேர்த்துச் சென்னைக்குக் கொண்டுபோய்த் தரம் பார்க்கக் கொடுப்பது அவர்தான். கதவிலேயே ஒரு அட்டை: 'காசைக் கழுவாதீர்கள். கழுவியிருந்தால் மாடி ஏறாதீர்கள்.' நான் அதைப் படித்தபோது கடைசிப் படியில் நின்றிருந்தேன்.

வெள்ளைத் துணி உறை மாட்டிய விரலால் காசின் ஓரத்தைப் பிடித்து, விளக்குக்குக் கீழே ஒரு தடவை சாய்த்தார். அவ்வளவுதான். நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"குளிப்பாட்டியாச்சா?"

"ஆங்?" என்றார் இவர்.

"பொண்ணு பாக்க வாறாவண்ணு குளிப்பாட்டி, பவுடர் போட்டு, பொட்டு வச்சுக் கொண்டாந்துருக்கியளே. போர்டு பாக்கல்லியா?"

"அழுக்கா இருந்துச்சு போல அண்ணே."

"அழுக்கு இருந்தா என்ன?" மேசைக்குள்ளிருந்து வேறொரு சவரனை எடுத்து வைத்தார். அது மங்கலாக, ஓரத்தில் செம்மண் நிறமாக இருந்தது. அதைச் சாய்த்ததும் வெளிச்சம் முகத்தின்மேல் சக்கரம்போல ஒரு சுற்று சுற்றியது. "பாத்தியளா? அச்சுல இருந்து விழும்போ வந்த தோலு. நூத்தி நாப்பது வருசமா அப்பிடியே இருக்கு. எழுவதுக்கு அறுவத்திரெண்டு வாங்கிச்சு, இந்த அழுக்கோட. இப்பம் உங்களுக்க காசப் பாருங்க. பளபளண்ணு இருக்கு. ஆனா வெளிச்சம் சுத்தல்ல. செத்த மீனுக்க கண்ணு மாதிரி ஒரே எடத்துல நிக்குகு. முகம் பூரா தலைமுடி கணக்கா வட்ட வட்டமா கீறலு. பேஸ்டு, பிரஷு. அழுக்குக்கு அவிய மார்க்கு கொறைக்க மாட்டாவ. கழுவினதுக்கு மார்க்கே கெடையாது. எண்ணு போட வேண்டிய எடத்துல 'கழுவப்பட்டது'ண்ணு எழுதி அனுப்பிருவாவ."

"சீல் வைப்பாவல்லா?"

"வைப்பாவ. செத்தவனுக்கும் சர்டிபிகேட்டு உண்டும்லா."

கண்ணில் ஒரு லென்ஸைச் சொருகிக்கொண்டு ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேச்சின் விளையாட்டு அப்போதுதான் குறைந்தது.

"கழுவினது மட்டும் இல்ல. ஓரத்துல சுத்திப் பல்லு பல்லா கோடு இருக்கில்லா? இங்க, ராணிக்க தலைக்கு மேல, பதினாலு பல்லு இல்ல. வழுவழுண்ணு போச்சு. கல்லுல உரசினது, ஒரே திசையில. ரெண்டு நாளு மூணு நாளு உரசினா இப்பிடி ஆகாது. இதுல செம்பு சேந்திருக்கு, கொஞ்சம் கெட்டி. அம்பது நாளு, அறுவது நாளு எடுக்கும். பழசு. கீறலுக்குள்ள கறுப்பு ஏறியிருக்கு, உங்க பிரஷுக்கே போகல்ல."

"நகைக்கடையில உரசிப் பாத்திருப்பாவ" என்றார் இவர்.

"அவிய ஒரு இழுப்பு இழுத்துட்டு விட்டுருவாவ. இது வீட்டுக் கல்லு. பிள்ளையளுக்கு மருந்து உரசுகதுல்லா, அது மாதிரி." மறுபடி திருப்பினார். "கழுத்துக்குக் கீழயும் ரெண்டு பல்லு லேசாப் போயிருக்கு. இது புதுசு."

என் மடியில் தூங்கிக்கொண்டிருந்த பாப்பாவைப் பார்த்தார். பிறகு லென்ஸைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

திரும்பும்போது ஆட்டோவில் இவர் சொன்னார்: "அம்மைதான் கழுவியிருப்பா. அவளுக்கு எதக் கண்டாலும் தேய்ச்சாதான் சோறு எறங்கும்." நான் பாப்பாவின் குல்லாவைச் சரிசெய்தேன். தங்கத்தின் கடினத்தன்மை இரண்டரை, பற்பசையில் இருக்கிற சிலிக்காவுக்கு அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்று செமஸ்டரில் எழுதி மார்க் வாங்கியவள் நான். கழுவும்போது அது ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை.

பால் ஏழு. வெளியே போனதால் குறைவு.

ஜூன் 15, ஞாயிறு

பால் கணக்கு இருக்கிற வரிகளை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினேன். மற்றவை சரியாக விழவில்லை.

ஜூன் 16, திங்கள்

இவர் உங்களுக்குப் போன் செய்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். காசுக்கு எண் வராது, அம்மை கழுவிவிட்டாள், ஓரமும் தேய்ந்திருக்கிறது என்றார். தேய்ந்திருக்கிறது என்பதை அவர் பெரிதாகச் சொல்லவில்லை. எட்வின் அண்ணன் சொன்ன வீட்டுக் கல்லை அவர் விட்டுவிட்டார். மறந்துதான் விட்டாரா என்று தெரியவில்லை.

"அம்மையா?" என்றீர்கள் நீங்கள்.

"பின்ன ஆரு?"

"அம்மை அதத் தொடமாட்டா ரதீஷ். என் பிள்ளைக்குள்ளது எதையுமே அவ தொடமாட்டா. பிள்ளை போன பொறவு உடுப்பெல்லாம் நான்தான் மடிச்சுக் கட்டினேன், அவ கிட்டயே வரல்ல." பிறகு மெதுவாகச் சொன்னீர்கள்: "நான் நாலு உரை குடுக்க விட்டிருந்தா அவளும் தொட்டிருப்பா."

போன் வைத்த பிறகு, "பாவம் அம்மை, போன பொறவும் ஏச்சு வாங்குகா" என்று சொல்லி இவர் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பால் ஒன்பது.

ஜூன் 17, செவ்வாய்

விடிகாலையில் கொல்லையில் கல் உரசுகிற சத்தம். சர், சர் என்று, நிதானமாக, எண்ணி உரசுகிற மாதிரி. பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தேன். துவைக்கிற கல்லின் மேல் சாரல் தண்ணீர் மட்டும் நின்றது. உரைகல் பீரோவுக்குள் இருக்கிறது. பீரோ பூட்டியிருக்கிறது. இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பாப்பா அந்தத் துவைகல்லைப் பார்த்துச் சிரித்தாள். இந்த வயதில் எதைப் பார்த்தாலும் சிரிக்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது.

ஜூன் 18, புதன்

நாலு நாளாக இதை எழுத நோட்டை எடுப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். இன்று எழுதிவிடுகிறேன்.

காசு கவரில் இல்லை, மைனி. அத்தை பீரோவின் அடித்தட்டில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அதற்குள் உரைகல், ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், அப்புறம் அந்தப் பெயர் சொல்லாதது. இரவில் அதன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பார் அத்தை. எழுதலாமா என்று தெரியவில்லை, அதனால் எழுதவில்லை. காசும் அவற்றோடு கிடந்தது.

நான் அதை முதலில் பார்த்தது ஜூன் பத்தாம் தேதி இல்லை. மே இருபத்தாறு. அன்று ஆறு மணிக்கு ஆரம்பித்த அழுகை ஒன்பதரை வரை நிற்கவில்லை. மாமா டி.வி. சத்தத்தைக் கூட்டினார். பாப்பாவுக்குப் பழைய வேட்டித் துணி தேடி பீரோவைத் திறந்தேன். டப்பா கையில் வந்தது.

இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது. மூன்று நாள் கொடுத்தேன். மற்றதெல்லாம் ஒவ்வொரு உரை, காசு மட்டும் ஏழு. சுடுதண்ணீரில் அலசிவிட்டுத்தான் உரசினேன். மடிப்புக்குள் இருந்த பழுப்பு அதற்குப் போகவில்லை. தேய்ந்திருந்த பக்கத்தில் உரசப் பயமாக இருந்தது, மறுபக்கத்தில் உரசினேன். பொன் உரசிக் கொடுத்தால் பிள்ளைக்குப் பயம் போகும் என்பார்கள். எந்தப் பிள்ளைக்கு என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

அவள் தூங்கினாள். நான் அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் மூச்சு விரலில் படுகிறதா, மின்விசிறிக் காற்று படுகிறதா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. பாதத்தில் சுண்டி எழுப்பினேன். அவள் வீறிட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. அதோடு நிறுத்தினேன். வேறு எதுவும் கொடுக்கவில்லை. சத்தியம்.

நீங்கள் காசைக் கேட்டதும் எடுத்துப் பார்த்தேன். எல்லாம் பழுப்பாக இருக்க, கழுத்துக்குக் கீழே நான் உரசின இடம் மட்டும் பளிச்சென்று இருந்தது. அதை மறைக்க எனக்குத் தோன்றிய ஒரே வழி, காசு முழுவதையும் பளிச்சென்று ஆக்குவது. அதற்குத்தான் அந்த அரை மணி நேரம். அழுக்காக இருந்ததால் கழுவினேன் என்று எழுதியது பொய். அத்தைதான் கழுவினார் என்று இவர் சொன்னபோது சும்மா இருந்ததும் பொய்தான்.

ஆனால் தலைக்கு மேலே இருப்பது நான் இல்லை. மூன்று நாள் உரசியவளுக்கு இரண்டு பல். பதினாலு பல்லுக்கு எத்தனை நாள் என்று எட்வின் அண்ணன் சொல்லிவிட்டார். இந்த வீட்டில், இந்தக் கல்லில், உங்கள் மகளுக்கு முன்னால் அந்தக் காசு வந்ததில்லை. அவளுக்குப் பிறகு என் மகள் வரும்வரை குழந்தையே இல்லை.

பால் எட்டு என்று நினைக்கிறேன். இன்று சரியாகக் குறிக்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

இன்றும் உரசுகிற சத்தம். போய்ப் பார்க்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

மத்தியானம் கரண்ட் இல்லை. மாமா கூடத்தில் தொட்டில் கயிற்றின் முடிச்சைப் பிரித்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். நான் டப்பாவைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து மூடியைத் திறந்தேன். காசையும் வைத்தேன்.

"மாமா, இது ஆரு உரசினது?"

அவர் டப்பாவைப் பார்க்கவில்லை. "ரதீஷ் பாத்தானா?"

"நீங்க சொல்லுங்க."

கயிற்றை ஒரு சுற்று சுற்றினார். "அண்ணைக்கு எனக்கு மார்த்தாண்டம் வண்டி, ஃபர்ஸ்ட் ட்ரிப்பு. நாலு மணிக்கு எந்திப்பேன். உனக்க அத்தை கொல்லையில வெளக்குப் போடாம, தொவைக்க கல்லுக்கிட்ட குத்த வச்சு உரசிட்டு இருப்பா. சத்தத்த வச்சுத்தான் ஆளு இருக்குதுண்ணே தெரியும். நாப்பது கழிஞ்சதும் உனக்க மைனி விஜி டியூட்டிக்குப் போயிட்டால்லா, பால பிழிஞ்சு பிரிட்ஜுல வச்சிருப்பா. அதுல ஒரு ஸ்பூனு எடுத்துக் கலக்கி. டெய்லி, நூத்திநாலாம் நாளு பிள்ளை போகுக வரைக்கும்."

"மைனிக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா வீட்ட ரெண்டாக்கிருப்பாளே. 'அவ உறங்குகா, செருப்புச் சத்தம் கேக்காமப் போங்க'ம்பா என்கிட்ட. பஸ்ஸு ஓட்டுகவன் நான், பூனை மாதிரி நடந்து போவேன்."

சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"பின்ன ஏன் மாமா, குடுக்க விடல்ல, குடுக்க விடல்லண்ணு மைனியவே அத்தை..."

"கேட்டேன். கேக்காம இருப்பனா? பிள்ளையக் கொண்டு போய் வச்சிட்டு வந்த அண்ணைக்கே கேட்டேன். 'நீதான் குடுத்தியே, பின்ன எதுக்கு அவளப் போட்டு அரிக்க?'ண்ணு. என்ன சொன்னா தெரியுமா? 'நான் குடுத்தேண்ணு சொன்னா, நான் கொன்னேண்ணு சொல்லுவா'ண்ணா." முடிச்சை இழுத்து இறுக்கினார். "ஆஸ்பத்திரியில இருதயத்துல ஓட்டைண்ணு எழுதித்தான் குடுத்தாவ. அந்தக் காகிதத்த இவ நம்பல்ல. விஜியையும் நம்ப விடல்ல. முதல்ல பயத்துல சொன்னா. பொறவு சொல்லிச் சொல்லி, குடுக்கவே இல்லண்ணு அவளே நம்பிட்டா. சாகுக வரைக்கும்."

"நீங்க சொல்லியிருக்கலாம்லா."

"சொல்லியிருக்கலாம்."

தொட்டிலில் கையை வைத்து முழுப் பலத்தோடு அமுக்கிப் பார்த்தார். தாங்கியது. பிறகு காசைப் பார்த்துச் சொன்னார்: "நீ அண்ணைக்குக் கொலுசு கழுவல்லண்ணு எனக்குத் தெரியும் மக்ளே. தடுக்க வாய் வரல்ல. அதுல பழுப்பா காஞ்சு கெடந்ததே, அது கடைசி நாளு உரசினது. கல்லக் கழுவினா, காசக் கழுவல்ல. அப்பிடியே உள்ள போட்டு மூடிட்டா. நான் ரெண்டு மட்டம் திறந்து பாத்திருக்கேன்."

மைனி, பத்தாம் தேதிப் பக்கத்தில் அழுக்கு என்று எழுதியிருக்கிறேன். அது அழுக்கு இல்லை. ஆதிரா கடைசியாகக் குடித்த மருந்து. உங்கள் பாலில் கலந்தது. பதினோரு வருடம் அது அந்தக் காசின் மேல் இருந்திருக்கிறது. பிரஷை நான் ஏழெட்டு தடவை அலசினேன். எல்லாம் வாய்க்காலில் போயிற்று.

நான் எழுந்தபோது மாமா கேட்டார்: "விடியக்காலத்துல சத்தம் உனக்கும் கேக்கா?"

கேட்கிறது என்றேன்.

"ம்" என்றார்.

ஜூன் 21, சனி

பாப்பாவை டாக்டரிடம் காட்டினேன். மூன்று நாள் உரைமருந்து கொடுத்ததைச் சொன்னேன். படித்த பெண் நீங்களே இப்படிச் செய்யலாமா என்று திட்டினார். திட்டும்போது நன்றாக இருந்தது. இருதயத்தையும் பாருங்கள் என்றேன். எதற்கு என்றார். பாருங்கள் என்றேன். ஸ்கேனும் எடுத்தாயிற்று. ஒன்றும் இல்லை. எடை ஐந்து கிலோ எழுநூறு.

எனக்குத் தெரிந்த ஒரு குழந்தை என்று சொல்லி ஆதிராவைப் பற்றியும் கேட்டேன். டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: "ஓட்டை பிறக்கும்போதே இருந்திருக்கும்மா. அந்த மருந்து ஓட்டையப் போடவும் இல்ல. குடுக்காம இருந்திருந்தாலும், குடுத்திருந்தாலும், அத அடைச்சிருக்கவும் முடியாது." இதை மட்டும் அவர் சொன்னபடியே மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

இவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். வாசல்படியில் போய் உட்கார்ந்தார். அரை மணி நேரம் கழித்து உள்ளே வந்து, "அக்காட்ட நான் பேசட்டா?" என்றார். வேண்டாம், நான் எழுதுகிறேன் என்றேன். போனில் என்றால் நான் எதையாவது விட்டுவிடுவேன்.

எட்வின் அண்ணன் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை சென்னைக்குப் போகிறாராம். உங்கள் காசையும் சேர்க்கவா என்றார். சீல் வைத்துத் தருவார்கள். எண் இருக்க வேண்டிய இடத்தில் 'கழுவப்பட்டது, ஓரம் உரசப்பட்டது' என்று இருக்கும்.

"ஆரு கழுவினா, ஆரு உரசினாண்ணு போடுவாவளா அண்ணே?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் அவியளுக்கு எதுக்கும்மா?" என்று சிரித்தார்.

அவர்களுக்கு வேண்டாம். உங்களுக்கு வேண்டும். கழுவியது நான். கழுத்துக்குக் கீழே உரசியது நான். தலைக்கு மேலே உரசியது உங்கள் அம்மா. நாற்பதாம் நாளிலிருந்து நூற்றிநாலாம் நாள் வரை, நீங்கள் தூங்கும்போது. அவருக்கும் பேத்தி பிழைக்க வேண்டும் என்றுதான் இருந்திருக்கிறது. பிறகு அவர் உங்களுக்குச் செய்ததை என்னால் சரி என்று சொல்ல முடியாது. பயத்தில் ஒருத்தி என்னவெல்லாம் தேய்ப்பாள், என்னவெல்லாம் மறைப்பாள் என்று மட்டும் எனக்குத் தெரியும்.

நீங்கள் கொடுக்காததால் ஆதிரா போகவில்லை, மைனி. அவளுக்கு எல்லாம் கொடுத்தார்கள். கொடுத்ததாலும் போகவில்லை. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் இருந்ததுதான் நடந்தது. பதினோரு வருடமாக நீங்கள் சுமந்தது இந்த வீட்டில் நேற்றுவரை மூன்று பேருக்குத் தெரிந்த பொய். ஒருவர் போய்விட்டார். ஒருவர் இப்போது பக்கத்து அறையில் விழித்துக்கொண்டு படுத்திருக்கிறார். மூன்றாவது ஆள் நான், எனக்கு இரண்டு நாளாகத்தான் தெரியும். மூன்றாம் நாளும் தெரிந்துகொண்டு சும்மா இருந்தேன் என்று ஆகிவிடக் கூடாது.

ஜூன் ஒன்பதிலிருந்து ஒரு பக்கம் விடாமல் போட்டோ எடுத்து இப்போதே அனுப்புகிறேன். பொய் எழுதிய பக்கங்களையும் கிழிக்கவில்லை. மாமா உங்களிடம் பேச வேண்டும் என்கிறார். நீங்கள் சொன்னால் போனைக் கொடுக்கிறேன், இல்லையென்றால் இல்லை. காசைச் சென்னைக்கு அனுப்புவதா, உங்களிடம் அனுப்புவதா என்றும் சொல்லுங்கள். அதுவரை யாரும் தொடமாட்டோம். என்னை ஏச வேண்டுமென்றால் ஏசுங்கள். ஆனால் படித்ததும் சீக்கிரம் பதில் போடுங்கள், மைனி.

அஜிஷா